உக்ரைனிலிருந்து மாமியார் ஜெர்மனிக்கு வர வேண்டும்: யார் வெளியே வரலாம், 90 நாள் கணக்கு, எந்த வழி? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

செந்தில்_மியூனிக் | 8 நவம்பர் 2025

வணக்கம் நண்பர்களே. நான் மியூனிக்கில் வேலை செய்கிறேன். என் மனைவி உக்ரைன்காரர், சொந்த ஊர் பொல்தாவா. ஜனவரி நடுவில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தலைப்பிரசவம், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தவிக்கிறாள். அவள் குடும்பத்தை அழைத்து வர ஆன மட்டும் முயல்கிறேன். ஆளுக்கு ஒரு தகவல் சொல்வதால் குழம்பிப் போயிருக்கிறேன்.

மாமியாருக்கு 61 வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பயோமெட்ரிக் பாஸ்போர்ட் இருக்கிறது. மாமனாருக்கு 58. மைத்துனனுக்கு 21, கல்லூரியில் படிக்கிறான். மனைவியின் அக்கா நர்ஸ், அவருக்கு 9 வயதில் ஒரு மகன். அக்காவின் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அக்காவும் பையனும் ஜனவரியில் இரண்டு வாரம் மட்டும் வந்துவிட்டுத் திரும்புவார்கள். மாமியார் நான்கு மாதமாவது இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை.

இவர்களில் யாரெல்லாம் உக்ரைனை விட்டு வெளியே வர முடியும்? எவ்வளவு நாள் தங்கலாம்? எந்த வழியாக வருவது நல்லது?

அப்புறம் இன்னொன்று. அடுத்த ஆகஸ்டில் கோயம்புத்தூரில் குழந்தைக்குக் காது குத்து வைக்க என் அம்மா ஆசைப்படுகிறார். மாமியாரை அதற்கும் அழைக்க வேண்டும்.

வார்சாவாசி | 8 நவம்பர் 2025

வாழ்த்துகள் சகோ. உங்கள் கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. உக்ரைன் யாரை வெளியே விடுகிறது என்பது ஒன்று. ஐரோப்பா யாரை உள்ளே விடுகிறது என்பது இன்னொன்று. பலரும் இரண்டாவதைத்தான் விசாரிக்கிறார்கள். இன்றைய நிலையில் முதலாவதுதான் கடினம், அதனால் அதிலிருந்து வருகிறேன்.

2022 பிப்ரவரி 24 முதல் அங்கே போர்க்காலச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் பொதுவாக நாட்டை விட்டு வெளியேற முடியாது. பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆக உங்கள் மாமியார் தாராளமாக வரலாம்.

மைத்துனனுக்கு நல்ல செய்தி. 2025 ஆகஸ்ட் 26 அன்று உக்ரைன் அமைச்சரவை விதியை மாற்றியது. 18 முதல் 22 வயது வரையுள்ள ஆண்கள் இப்போது எல்லையைக் கடக்கலாம். 22 என்றால் 23ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை. ராணுவப் பதிவு ஆவணம் கையில் இருக்க வேண்டும், ரெசெர்வ் பிளஸ் செயலியில் உள்ள மின்வடிவமும் செல்லும். அரசுப் பணியிலோ உள்ளாட்சி அமைப்பிலோ பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் மைத்துனன் மாணவன் என்பதால் அது பொருந்தாது. ஒன்று மட்டும் அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 23 வயது ஆன பிறகு ஊருக்குத் திரும்பினால், இன்றுள்ள விதிப்படி மறுபடி வெளியே வர முடியாது.

அக்கா நர்ஸ் என்பதால் பயந்திருப்பீர்கள். 2023 அக்டோபர் முதல் மருத்துவம், மருந்தியல் படித்த பெண்கள் ராணுவப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது எல்லை தாண்டுவதற்குத் தடை இல்லை. பதிவு முடிந்திருந்தால் அந்த ஆவணத்தையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், கேட்டால் காட்டிவிடலாம்.

பையன் விஷயம்: 16 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயோடோ தந்தையோடோ வெளியேறும்போது மற்றவரின் நோட்டரி சம்மதக் கடிதம் போர்க்காலத்தில் கேட்கப்படுவதில்லை. அப்பா போர்முனையில் இருக்கும்போது அவரிடம் கையெழுத்து வாங்கி நோட்டரியிடம் போவது எத்தனை குடும்பங்களுக்கு நடக்கிற காரியம்? அதற்காகத்தான் தளர்த்தினார்கள். பிறப்புச் சான்றிதழை மட்டும் மறக்க வேண்டாம். அம்மாவின் பெயரும் பையனின் பெயரும் அதில்தான் ஒன்றாக இருக்கும்.

மாமனாருக்கு 58 என்கிறீர்கள். அதைத் தனியாகப் பேசுவோம்.

ராகவ்87 | 8 நவம்பர் 2025

மாமியார் விஷயத்தில் கவலையே வேண்டாம் நண்பா. உக்ரைன் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா தேவையில்லை. ஜெர்மனியில் 90 நாள் முடிந்ததும் ஒரு வாரம் செக் குடியரசுக்கோ ஆஸ்திரியாவுக்கோ போய் வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்கும். என் அலுவலகத்தில் ஒருவர் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார்.

பிராகா_கயல் | 9 நவம்பர் 2025

ராகவ் தம்பி சொல்வது தவறு. நான் பயண முகமை ஒன்றில் வேலை செய்கிறேன், இந்த நம்பிக்கையோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செந்தில், தயவுசெய்து இந்த வழியில் போகாதீர்கள்.

2017 ஜூன் 11 முதல் பயோமெட்ரிக் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உக்ரைனியர்கள் விசா இல்லாமல் வரலாம், சரி. ஆனால் அந்த 90 நாள் ஷெங்கன் நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே கணக்கு. செக் குடியரசு, ஆஸ்திரியா, போலந்து எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. குரோவேஷியா 2023 ஜனவரியில் சேர்ந்துவிட்டது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லையிலும் முழுமையாக உள்ளே வந்துவிட்டன. முன்பு ருமேனியாவில் போய் இருந்து நாளை மிச்சப்படுத்தியவர்கள் உண்டு, இப்போது அதுவும் நடக்காது.

கணக்கு இப்படி. எந்த ஒரு நாளில் நின்று பார்த்தாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். அதற்குள் ஷெங்கனில் இருந்த நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. உள்ளே வந்த நாளும் வெளியேறிய நாளும் முழு நாளாகவே எண்ணப்படும்.

மாமியார் 2026 ஜனவரி 5 அன்று போலந்து எல்லையைத் தாண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 27 நாள், பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, மொத்தம் 86. ஆக ஏப்ரல் 4 அவருடைய 90ஆவது நாள். அன்று இரவுக்குள் உக்ரைன் பக்கம் போயிருக்க வேண்டும். மறுபடி எப்போது வரலாம்? ஜூலை 4. அன்றுதான் ஜனவரி 5 கணக்கிலிருந்து விழும்.

இதுவும் முன்பு வராதவருக்குத்தான். ஜனவரி 5 அன்று பின்னோக்கி எண்ணினால் 2025 ஜூலை 10 வரை போகும். அதற்குப் பிறகு அவர் போலந்தில் யாரையாவது பார்க்க நான்கு நாள் வந்திருந்தாலும் அந்த நான்கும் கழியும். பாஸ்போர்ட்டின் எல்லா முத்திரைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்திலேயே ஒரு கணிப்பான் இருக்கிறது, தேதிகளைப் போட்டால் அதுவே சொல்லிவிடும்.

ராகவ்87 | 9 நவம்பர் 2025

நன்றி அக்கா. ஒரு சந்தேகம். ஒரு வாரம் கூடிப்போனால் அங்கே யார் முத்திரையை எண்ணிக்கொண்டு இருக்கப் போகிறார்கள்?

பிராகா_கயல் | 9 நவம்பர் 2025

இனி ஆள் எண்ண வேண்டியதில்லை, கணினி எண்ணும். 2025 அக்டோபர் 12 முதல் இ.இ.எஸ். என்ற நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை தொடங்கியிருக்கிறது. முகத்தைப் படம் எடுத்து, ஒரு கையின் நான்கு விரல் ரேகைகளை வாங்குகிறார்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ரேகை இல்லை, படம் மட்டும்தான். ஆகவே செந்தில் மனைவியின் அக்கா மகனுக்கு விரல் வைக்கும் வேலை இல்லை. எல்லாச் சாவடிகளிலும் ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாகக் கொண்டுவருகிறார்கள். 2026 ஏப்ரல் 10க்குள் எங்கும் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும் என்பது திட்டம். உங்கள் மாமியார் ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்புவார், அதே சமயம்.

முதல் முறை பதிவு செய்கிறவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும். அதைப் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டியாஸ் என்ற பெயரைக் கேட்டு யாராவது பணம் வாங்க வந்தால் கொடுக்காதீர்கள். அந்த முன் அனுமதி 2026 கடைசிக் காலாண்டில்தான் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 70 தாண்டியவர்களுக்கும் கட்டணம் கிடையாது. இப்போதே விண்ணப்பம் வாங்குவதாகச் சொல்லும் தளம் எதுவானாலும் ஏமாற்று.

செந்தில், அக்கா மகனின் பாஸ்போர்ட் எப்போது எடுத்தது?

செந்தில்_மியூனிக் | 9 நவம்பர் 2025

இப்போதுதான் கேட்டேன். 2022 பிப்ரவரி தொடக்கத்தில், போர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு எடுத்திருக்கிறார்கள். 2026 பிப்ரவரி வரை செல்லும். அவர்கள் ஜனவரி 20 வாக்கில் திரும்பிவிடுவார்கள், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்.

பிராகா_கயல் | 9 நவம்பர் 2025

பிரச்சினை இருக்கிறது. இதற்காகத்தான் கேட்டேன். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு உக்ரைன் பாஸ்போர்ட் நான்கு ஆண்டுக்குத்தான் கொடுக்கிறார்கள், பெரியவர்களுக்குப் பத்து. ஷெங்கன் விதிப்படி, வெளியேறும் தேதிக்குப் பிறகு இன்னும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். ஜனவரி 20 திரும்புகிறார்கள் என்றால் ஏப்ரல் 20 வரை தேவை. அவனுடையது பிப்ரவரியிலேயே முடிகிறது. இந்த வாரமே புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கொடுப்பவர்கள் உள்ளூர் இமிகிரேஷன் அலுவலகமும் பாஸ்போர்ட் சேவை மையமும்.

உக்ரைன் அரசின் டியா செயலியில் பாஸ்போர்ட் இருக்கிறதே என்று சொல்வார்கள். அது உக்ரைனுக்குள் எல்லா இடத்திலும் செல்லும், எல்லையில் செல்லாது. புத்தகம் கையில் வேண்டும்.

வார்சாவாசி | 9 நவம்பர் 2025

கயல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விசா தேவையில்லை என்றால் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. எதற்கு வருகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், செலவுக்கு என்ன வழி, எப்போது திரும்புவீர்கள் என்று போலந்து அதிகாரி கேட்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நீங்களும் மனைவியும் கையெழுத்திட்ட ஒரு அழைப்புக் கடிதம், உங்கள் முகவரிப் பதிவுச் சான்றின் நகல், மனைவியின் பிறப்புச் சான்றிதழ் நகல், திரும்பும் டிக்கெட், கொஞ்சம் ரொக்கம். இவ்வளவு இருந்தால் போதும். மருத்துவமனை கொடுத்த பிரசவத் தேதிச் சீட்டின் நகலையும் வையுங்கள். மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாவை எந்த அதிகாரிக்கும் புரியும்.

காப்பீடு விசா இல்லாப் பயணத்துக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் 61 வயதில் காப்பீடு இல்லாமல் ஜெர்மனியில் மூன்று மாதம் இருப்பது தவறான துணிச்சல். ஷெங்கன் விசாக்காரர்களுக்கு விதித்திருக்கும் 30,000 யூரோ அளவுக்காவது எடுங்கள்.

வின்னித்சா_டாக்டர் | 10 நவம்பர் 2025

நான் வின்னித்சாவில் எம்.பி.பி.எஸ். படித்தவன், இப்போது ஜெர்மனியில் பணி. வழி பற்றி எழுதுகிறேன்.

உக்ரைனில் போர் தொடங்கிய நாளிலிருந்து பயணிகள் விமானம் இல்லை. யாராக இருந்தாலும் தரைவழியாகத்தான் வெளியே வர வேண்டும். பேருந்தா ரயிலா என்றால் மாமியார் வயதுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். பேருந்து மலிவு, வீட்டு வாசல்வரை வரும், பெட்டிகளைத் தூக்க வேண்டாம். ஆனால் எல்லையில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜனவரிக் குளிர், குழந்தை, கழிப்பறை எல்லாவற்றையும் யோசியுங்கள்.

பொல்தாவாவிலிருந்து கீவுக்கு இன்டர்சிட்டி வண்டி. கீவிலிருந்து இரவு வண்டியில் லிவீவ் வழியாகப் போலந்தின் பிஷெமிஷ்ல். உக்ரைன் தண்டவாளம் 1,520 மி.மீ., ஐரோப்பியத் தண்டவாளம் 1,435 மி.மீ. என்றாலும் அகலப் பாதை பிஷெமிஷ்ல் நிலையம் வரை வருகிறது. அதனால் எல்லையில் சக்கரம் மாற்றும் வேலை இல்லை. வந்து இறங்கியதும் போலந்துச் சோதனை நிலையத்திலேயே நடக்கும். வெளியே வந்தால் அடுத்த நடைமேடையில் கிராகோ வண்டி. கிராகோவிலிருந்து மியூனிக்குக்கு விமானம்.

இன்னொரு வழி, கீவிலிருந்து வியன்னா போகும் வண்டி. ஹங்கேரி எல்லையில் சோப் என்ற ஊரில் பெட்டியைத் தூக்கிச் சக்கரச் சட்டம் மாற்றுவார்கள். பயணிகள் உள்ளேயே இருக்கலாம், ஆனால் நேரம் போகும். புடாபெஸ்ட் வழியாக வியன்னா. அங்கிருந்து மியூனிக் சுமார் நான்கு மணி நேர ரயில். விமானம் ஏறப் பயப்படுபவர்களுக்கு இதுதான் சரி, கீவுக்குப் பிறகு ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும்.

எதில் வந்தாலும், எல்லை தாண்டும் அதே நாளில் விமான டிக்கெட் போடாதீர்கள். ரயில் பாதைகள் மீதும் மின்நிலையங்கள் மீதும் தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது. வண்டி தாமதமாவது சகஜம். பிஷெமிஷ்லிலோ கிராகோவிலோ ஒரு இரவு அறை போடுங்கள். கீவில் இறங்கும் நேரமும் ஊரடங்கு நேரத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் முழு சார்ஜில் இருக்கட்டும்.

டிக்கெட் உக்ரைன் ரயில்வேயின் செயலியிலேயே கிடைக்கும். பிஷெமிஷ்ல் வண்டிகள், அதுவும் பண்டிகைக் காலத்தில், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் புதியதில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது அங்கே சாதாரணம். விமான டிக்கெட்டுக்கும் இதேதான்.

ராகவ்87 | 10 நவம்பர் 2025

மாமனாரை மட்டும் தனியாக விட்டுவிட்டு வருவது பாவம். ஏஜென்ட் பிடித்தால் மலைப்பாதை வழியாக ருமேனியாவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். செலவு ஆகும்தான். விசாரித்துப் பார்க்கலாமே?

வின்னித்சா_டாக்டர் | 10 நவம்பர் 2025

ராகவ், உங்கள் மனசு நல்லது, இந்த யோசனை ஆளைக் கொன்றுவிடும். ருமேனிய எல்லையில் ஓடும் திசா ஆற்றில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றி உக்ரைன் எல்லைக் காவல் படை எத்தனையோ முறை அறிவித்திருக்கிறது. கார்பாத்திய மலையில் பனியில் சிக்கியவர்களை மீட்புப் படையினர் தூக்கி வந்திருக்கிறார்கள். 58 வயது மனிதரை ஜனவரியில் அங்கே அனுப்புவதா? பணத்தை வாங்கிக்கொண்டு பாதி வழியில் விட்டுப்போகிறவர்கள்தான் அந்த ஏஜென்ட்கள். பிடிபட்டால் வழக்கு, பெயர் பதிவு, குடும்பத்துக்கே அவமானம். இதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

நெறியாளர் | 10 நவம்பர் 2025

சட்டத்துக்குப் புறம்பாக எல்லை தாண்டுவது பற்றிய யோசனைகளை இங்கே அனுமதிப்பதில்லை. எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான் மேலுள்ள இரண்டு பதிவுகளையும் நீக்காமல் விட்டிருக்கிறேன். இழை சட்டப்படியான வழிகளோடு தொடரட்டும்.

வார்சாவாசி | 10 நவம்பர் 2025

மாமனார் விஷயம். செந்தில், ஆறுதலுக்காக எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். 60 முடியும் வரை பொதுவான வழி இல்லை. விலக்கு யாருக்கு என்றால், மாற்றுத்திறன் சான்று உள்ளவர்கள், 18 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளின் தந்தை, மாற்றுத்திறனாளி ஒருவருக்குத் துணையாகப் போகிறவர் போன்றோருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆவணம் வேண்டும், ஆவணம் இருந்தும் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அவருக்கு ஏதாவது பழைய உடல்நலப் பிரச்சினை இருந்து, முறையாக மாற்றுத்திறன் சான்று பெறத் தகுதி இருந்தால், அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் 60ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு எல்லோரையும் போல் வரலாம்.

பேரனை வீடியோவில்தான் முதலில் பார்க்கப் போகிறார் என்பது கஷ்டம்தான். இங்கே வார்சாவில் என் பக்கத்து வீட்டிலும் அதே கதை.

செந்தில்_மியூனிக் | 10 நவம்பர் 2025

நன்றி. மாமனாரே முன்பு ஒருமுறை சொல்லிவிட்டார், "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அவளை அழைத்துக்கொண்டு போங்கள்" என்று. மனைவிதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அழுதாள், ஆனால் தெளிவாகிவிட்டாள்.

அடுத்த கேள்வி. மாமியார் நான்கு மாதம் இருக்க வேண்டுமென்றால் இங்கே தற்காலிகப் பாதுகாப்பில் பதிந்துகொள்ளலாமே? எங்கள் தெருவில் பல உக்ரைன் குடும்பங்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

பிராகா_கயல் | 11 நவம்பர் 2025

முடியும். ஆனால் ஒரு மாதம் கூடுதலாகத் தங்குவதற்காக அதில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது போரால் வீட்டை விட்டு வந்தவர்களுக்கான ஏற்பாடு. அவர் வீடு இருக்கிறது, கணவர் இருக்கிறார், திரும்பிப் போகும் எண்ணத்தோடு வருகிறார். 90 நாள் போதும். ஏப்ரலில் போய், ஜூலையில் மறுபடி வரட்டும்.

வின்னித்சா_டாக்டர் | 11 நவம்பர் 2025

கயல் அக்கா, இதில் நான் மாறுபடுகிறேன். பொல்தாவா போர்முனையில் இல்லை என்பதால் பாதுகாப்பான ஊர் ஆகிவிடாது. 2024 செப்டம்பர் 3 அன்று அங்குள்ள ராணுவத் தொலைத்தொடர்புக் கல்வி நிறுவனத்தின் மீது ஏவுகணைகள் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சட்டமும் போர்முனை, பின்தளம் என்று பிரிக்கவில்லை. 2022 பிப்ரவரி 24க்கு முன் உக்ரைனில் வசித்து, போரால் இடம்பெயர்ந்த உக்ரைன் குடிமக்கள் என்றுதான் சொல்கிறது. 61 வயது அம்மா சைரனுக்கு நிலவறைக்கு ஓடாமல் மகளோடு இருக்க விரும்பினால் அதற்கு யாரிடமும் தயங்க வேண்டியதில்லை.

எப்படியும், முடிவெடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை: ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பாதுகாப்பை 2022 மார்ச் 4 அன்று முதல்முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது 2027 மார்ச் 4 வரை நீட்டித்திருக்கிறது. ஜெர்மனியில் குடியிருப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையோடு ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் 90 நாள் கணக்கில் வராது. மருத்துவ வசதி கிடைக்கும். நெருங்கிய குடும்பத்தோடு தங்குவதால் வேறு மாநிலத்துக்கு ஒதுக்கப்படும் வாய்ப்பும் குறைவு. ஒரு நாட்டில்தான் பதிய முடியும், இரண்டில் முடியாது. உக்ரைனுக்குப் போய் வரலாம், ஆனால் நீண்ட காலம் வெளியே இருந்தால் அனுமதி போய்விடும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். ஜெர்மனியில் இந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்காமல் அரசாணை மூலம் மொத்தமாக நீட்டித்திருக்கிறார்கள். அட்டையில் அச்சிட்ட தேதி முடிந்ததுபோல் இருக்கும், சட்டப்படி செல்லும். வெளிநாட்டு விமான நிலையத்தில் ஏற்றுபவருக்கு இது தெரியாமல் போகலாம். அப்படி அட்டை உள்ளவர்கள் அரசாணையின் அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

வார்சாவாசி | 11 நவம்பர் 2025

போலந்தில் இதைவிடக் கறார். இங்கே தற்காலிகப் பாதுகாப்பைக் காட்டும் யு.கே.ஆர். குறியோடு பெசல் (போலந்து அடையாள எண்) வாங்கியவர்கள் 30 நாளுக்கு மேல் போலந்தை விட்டு வெளியே இருந்தால் அந்த நிலை போய்விடும். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு ஐந்து வாரம் கழித்துத் திரும்பியவர்கள், குழந்தைக்கான உதவித்தொகை நின்ற பிறகுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். பதிவில் இருக்கும் யாரும் நீண்ட பயணத்துக்கு முன் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். செந்தில் மாமியார் ஆகஸ்டில் இந்தியா போவதாக இருந்தால் இதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

டொரொண்டோ_யாழ் | 11 நவம்பர் 2025

இடையில் ஒரு கேள்வியோடு வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் மாடியில் குடியிருக்கும் உக்ரைன் பெண் தன் தங்கையைக் கனடாவுக்கு அழைக்கப் பார்க்கிறாள். அவள் வந்த சிறப்புத் திட்டம் இன்னும் இருக்கிறதோ?

பிராகா_கயல் | 11 நவம்பர் 2025

இல்லை அண்ணா. கனடாவின் அந்த அவசரப் பயண அனுமதித் திட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பது 2023 ஜூலை 15 அன்று முடிந்தது. அனுமதி பெற்றவர்கள் அந்தத் திட்டச் சலுகைகளோடு வந்து சேரக் கடைசி நாள் 2024 மார்ச் 31. இப்போது வழக்கமான பார்வையாளர் விசாதான். பிரிட்டனுக்கும் விசா வேண்டும், அங்கே குடும்பத் திட்டத்தை 2024 பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள், வீட்டில் இடம் கொடுக்கும் ஆதரவாளர் வழி மட்டும் இருக்கிறது. அமெரிக்க விசா நேர்காணலுக்கு உக்ரைனியர்கள் போலந்துக்கு வர வேண்டியிருக்கிறது, வார்சா அல்லது கிராகோ. அந்த நாட்களும் ஷெங்கன் கணக்கில் ஏறும்.

செந்தில்_மியூனிக் | 12 நவம்பர் 2025

மாமியாரிடமே கேட்டேன். அவருக்குப் பதிவு வேண்டாமாம். "ஏப்ரலில் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட வேண்டும், அவர் தனியாக என்ன செய்வார்" என்கிறார். எனவே ஜனவரி 5 முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. மைத்துனன் துணைக்கு வருகிறான், இரண்டு வாரத்தில் திரும்பித் தேர்வு எழுதுவானாம். அக்கா பையனின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார்.

சாலோவும் வீட்டுப் பாலாடைக்கட்டியும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். கொண்டுவரலாமா?

வார்சாவாசி | 12 நவம்பர் 2025

கூடாது. இறைச்சி, கொழுப்பு, பால் பொருட்கள் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிநபர் பையில் வரக் கூடாது. சாலோ பன்றிக் கொழுப்பு, எல்லையிலேயே பிடுங்கிக் கொட்டுவார்கள். பாவம், ஆசையாகச் செய்து எடுத்து வருவதைக் குப்பையில் போடும்போது அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்க்க முடியாது. முன்பே சொல்லிவிடுங்கள். சாக்லேட், பிஸ்கட், பழ ஜாம் கொண்டுவரட்டும். தேன் இரண்டு கிலோ வரை சரி. ரொக்கம் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும், உங்களுக்கு அது வராது.

தினமும் சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால் பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் வரட்டும்.

வின்னித்சா_டாக்டர் | 12 நவம்பர் 2025

மூன்று மாதத்துக்கான மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே சுற்றுலாவாக வந்தவர் ரத்த அழுத்த மாத்திரைக்குக்கூட மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும்.

இந்தியா பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். உக்ரைன் குடிமக்கள் இந்திய இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் இந்தியா வந்து சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். முகவரி gov.in என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் போலித் தளங்கள் பல மடங்கு பணம் வாங்குகின்றன. சென்னை, கோயம்புத்தூர் இரண்டிலும் இ-விசாவோடு இறங்கலாம். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவருக்கு இ-வருகை அட்டையும் வந்திருக்கிறது, இந்தியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களில் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடும் ஒன்று, முன்பு சி படிவம் எனப்பட்ட தங்கல் பதிவு. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் பதிய வேண்டும். ஹோட்டலுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள், சொந்தக்காரர் வீட்டுக்கும் உண்டு. கோயம்புத்தூரில் உங்கள் அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அதற்குத் தனிக் கணக்குத் தொடங்க வேண்டும்.

ஆகஸ்டில் அவர் பொல்தாவாவிலிருந்து நேரே போவதாக இருந்தால் அதே ரயில், பிறகு வார்சா விமான நிலையம். போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் போலந்தில் தங்கினாலும் ஷெங்கன் கணக்கில் வரும். ஜூலை 4க்குப் பிறகு என்பதால் தொல்லை இல்லை.

பிராகா_கயல் | 12 நவம்பர் 2025

சிம் கார்டு பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் பகுதியில் சேர்கிறது. அவருடைய உக்ரைன் எண்ணே இங்கே கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். மாமனாரிடம் தினமும் பேசிக்கொள்ளலாம்.

செந்தில், திரும்பும் டிக்கெட்டை ஏப்ரல் 4க்குப் போடாதீர்கள். வண்டி தாமதமாகி நள்ளிரவு தாண்டினால் 91ஆவது நாள் ஆகிவிடும். மார்ச் 31 அல்லது ஏப்ரல் 1 போடுங்கள்.

செந்தில்_மியூனிக் | 13 நவம்பர் 2025

மார்ச் 31 என்று முடிவு செய்துவிட்டோம் அக்கா. கீவ்–பிஷெமிஷ்ல் டிக்கெட் விற்பனை திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவிட்டேன், மைத்துனன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் பார்ப்போம். கீழ்ப் படுக்கை மாமியாருக்கு, மேல் படுக்கை அவனுக்கு. கிராகோவில் ஒரு இரவு அறை போட்டாகிவிட்டது. உங்கள் எல்லோருக்கும் என் மனைவியின் நன்றியையும் சேர்த்துச் சொல்கிறேன். டிக்கெட் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.